உடன்படிக்கைப் பெட்டி எங்கே போனது? தேடலுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. பத்துக் கட்டளைகள் எழுதிய மோசேயின் கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டியை அமெரிக்க உளவுத்துறை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது, அதற்கான ஆவணமே வெளியாகிவிட்டது என்றார்கள். ஆவணம் உண்மையானதுதான். ஆனால் புதியது இல்லை. 2000-ஆம் ஆண்டிலேயே பொதுப் பார்வைக்கு விடப்பட்டது. அதில் இருப்பது 1988 டிசம்பர் 5 அன்று நடந்த ஒரு சோதனையின் குறிப்பு. ஓர் அறையில் உட்கார்ந்தபடியே தொலைவில் இருக்கும் பொருளை மனத்தால் பார்க்க முடியுமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உளவு அமைப்பு அப்போது ‘சன் ஸ்ட்ரீக்’ என்ற திட்டத்தின் கீழ் ஆராய்ந்துகொண்டிருந்தது. 32-ஆம் எண் கொண்ட பார்வையாளர், மத்திய கிழக்கில் நிலத்துக்கு அடியில் மரமும் தங்கமும் கலந்த ஒரு பெட்டி இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான். யாரும் அங்கே போகவில்லை, தோண்டவில்லை, எதையும் எடுக்கவில்லை. இப்படிக் கிடைத்த தகவல்கள் எந்த உளவு வேலைக்கும் பயன்படவில்லை என்று மதிப்பீடு வந்த பிறகு, 1995-இல் மொத்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அந்தச் செய்தியை நம்பிப் பகிர்ந்தவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அந்த ஏக்கம் சாதாரணமானது இல்லை. ஆனால் ‘கிடைத்துவிட்டதா’ என்ற கேள்வியைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பெட்டியைப் பற்றிய பேச்சு எப்போது நின்றது, ‘இங்கே இருக்கிறது’ என்ற பேச்சு எப்போது தொடங்கியது? இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தால்தான் தேடலின் முழுக் கதையும் பிடிபடும்.

முதலில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் அதன் அளவுகளைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் நீளமும், 66 சென்டிமீட்டர் அகலமும் உயரமும். சீத்திம் என்ற வேல மரத்தால் செய்து, உள்ளும் புறமும் பொன்தகடு போர்த்தியது. மேலே சுத்தப் பொன்னால் கிருபாசனம் என்ற மூடி, அதன் இரு முனைகளிலும் கேருபீன்கள் என்ற சிறகு விரித்த தேவதூத உருவங்கள். பக்கங்களில் வளையங்கள், அவற்றில் செருகிய தண்டுகள். தோளில் தூக்கிப் போவதற்கு. செய்தவன் பெயர் பெசலெயேல்.

இப்படி ஒரு பொருள் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத கற்பனை அல்ல. 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமுன் கல்லறையில், தண்டுகளின் மேல் வைத்துத் தூக்கிச் செல்லும் பொன்பூசிய மரப்பேழை ஒன்று இருந்தது. அதன்மேல் அனுபிஸ் தெய்வம் நரி வடிவில் படுத்திருக்கும். இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹித்தைத்திய அரசர்கள் தங்கள் உடன்படிக்கைப் பலகைகளைத் தெய்வத்தின் சந்நிதியில் வைத்துப் பாதுகாத்தார்கள். ஒப்பந்தத்துக்குத் தெய்வமே சாட்சி என்ற எண்ணம் அது. பலகைகளைப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைக் கடவுளின் பிரசன்னம் தங்கும் இடமாகக் கருதிய இஸ்ரவேலரின் வழக்கத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

வேதாகமத்தில் பெட்டி ஓர் இடத்தில் ஓய்ந்து இருப்பதில்லை. யோர்தானைக் கடக்கும்போது முன்னால் போகிறது, எரிகோவைச் சுற்றி வருகிறது, சீலோவில் தங்குகிறது. அப்புறம் எபெனேசர் போரில் எதிரிகளான பெலிஸ்தரிடம் பிடிபடுகிறது. அந்தச் செய்தி கேட்டு, 98 வயதான ஆசாரியன் ஏலி இருக்கையிலிருந்து மல்லாந்து விழுந்து இறக்கிறான். அஸ்தோத்தில் தாகோன் கோயிலில் வைத்தால் தாகோன் சிலை முகங்குப்புற விழுகிறது, ஊரில் நோய் பரவுகிறது. ஏழு மாதத்தில் பெலிஸ்தரே இரண்டு கறவைப் பசுக்கள் பூட்டிய வண்டியில் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெத்ஷிமேசுக்கு வந்து, அங்கிருந்து கீரியாத்யாரீம் போகிறது. பிறகு தாவீது எருசலேமுக்குக் கொண்டுவரும் வழியில், மாடு இடறியதால் பெட்டியைத் தாங்கிப் பிடித்த ஊசா அங்கேயே சாகிறான். கடைசியில் சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தில் வைக்கப்படுகிறது. அதற்குள் இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று இராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. மன்னா வைத்த பொற்பாத்திரமும் ஆரோனின் கோலும் உள்ளே இருந்ததாகப் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் சொல்கிறது.

இஸ்லாமிய மரபும் இந்தப் பெட்டியை அறியும். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், தாலூத் (சவுல்) அரசராவதற்கு அடையாளமாக ‘தாபூத்’ என்ற பேழை வரும் என்றும், அதில் மூசா (மோசே), ஹாரூன் (ஆரோன்) குடும்பத்தார் விட்டுச்சென்றவற்றின் மிச்சம் இருக்கும் என்றும் சொல்கிறது. மூன்று மதங்களின் நினைவிலும் இருக்கும் பொருள் இது.

சாலொமோனின் ஆலயத்துக்குள் போன பிறகு பெட்டி வரலாற்றில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறது. அதுவரை ஒவ்வோர் அடியும் பதிவான பொருளைப் பற்றி, அடுத்த மூன்றரை நூற்றாண்டுகளுக்கு ஓரிரண்டு வரிகள்தான். இந்த இடத்தில் நாம் நிதானமாக நிற்க வேண்டும்.

ஏனென்றால் அந்தக் காலத்தில் எருசலேம் ஆலயம் ஒருமுறை மட்டும் சூறையாடப்படவில்லை. சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில், கி.மு. 925 வாக்கில், எகிப்தின் சீஷாக் வந்து ஆலயப் பொக்கிஷங்களை எடுத்துப்போனான். பிறகு ஆசா ராஜா ஆலயத்தில் மீதி இருந்த வெள்ளியையும் பொன்னையும் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பினான். இஸ்ரவேல் இரண்டாகப் பிரிந்தபின் அதன் வடபகுதியை ஆண்ட ராஜா யோவாஸ், எருசலேமின் ராஜா அமத்சியாவைத் தோற்கடித்து, நகர மதிலை இடித்து, ஆலயப் பொன்னை அள்ளிப்போனான். ஆகாஸ் அசீரியாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்தான். கி.மு. 701-இல் எசேக்கியா, அசீரிய ராஜா சனகெரிபுக்குக் கட்ட வேண்டிய 30 தாலந்து பொன்னுக்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகட்டையே பிய்த்துக் கொடுத்தான். அவன் மகன் மனாசே ஆலயத்துக்குள்ளேயே அசேரா விக்கிரகத்தை வைத்தான். கதவுத் தகட்டைக்கூட விட்டுவைக்காத நெருக்கடிகள் இவை. பொன்தகடு போர்த்திய ஒரு பெட்டி இத்தனையையும் தாண்டி அப்படியே இருந்திருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது.

ஆனால் எசேக்கியா ஜெபிக்கும்போது கேருபீன்களின் நடுவே வாசம்பண்ணுகிறவரே என்று கடவுளை அழைக்கிறான். பெட்டி அப்போதும் அங்கேதான் இருந்தது என்பதற்கு இதைச் சிலர் ஆதாரமாக எடுக்கிறார்கள். அது வழக்கமான துதி வாக்கியமாகவும் இருக்கலாம் என்பதால் நான் அதன்மேல் அதிகப் பாரத்தை ஏற்ற மாட்டேன்.

பெட்டி இருந்ததாகச் சொல்லும் கடைசிப் பதிவு யோசியா ராஜாவின் காலத்தைச் சேர்ந்தது, கி.மு. 622 வாக்கில். இரண்டாம் நாளாகமம் 35-ஆம் அதிகாரத்தில், பரிசுத்தப் பெட்டியை ஆலயத்தில் வையுங்கள், இனி அதைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை என்று அவன் லேவியருக்குக் கட்டளை இடுகிறான். அப்படியானால் அந்த நேரத்தில் பெட்டி ஆலயத்துக்கு வெளியே இருந்ததா? மனாசேயின் காலத்தில் லேவியர் எடுத்து ஒளித்துவைத்து, இப்போது திரும்பக் கொண்டுவரச் சொல்கிறானா? உரையாசிரியர்கள் இன்றுவரை மல்லுக்கட்டும் வரி இது. அதே காலத்தில் தீர்க்கதரிசனம் சொன்ன எரேமியாவின் குரல் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு நாள் வரும், அப்போது உடன்படிக்கைப் பெட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது நினைவில் வராது, அதற்காக ஏங்க மாட்டார்கள், அது மறுபடி செய்யப்படவும் மாட்டாது என்கிறார். மறுபடி செய்யப்படாது என்ற பேச்சு, ஏற்கெனவே இழந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் வரும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முதலில் எருசலேமைப் பிடித்தபோது, சாலொமோன் செய்த பொற்பாத்திரங்களை எல்லாம் வெட்டி உடைத்து எடுத்தான் என்று இரண்டாம் இராஜாக்கள் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. கி.மு. 586-இல் நகரமும் ஆலயமும் எரிக்கப்பட்டன. பாபிலோனியர் கொண்டுபோன பொருள்களின் பட்டியல் அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது: வெண்கலத் தூண்கள், வெண்கலக் கடல்தொட்டி, செப்புச்சட்டிகள், சாம்பல் எடுக்கும் கரண்டிகள், கத்திகள் வரை. அதில் பெட்டி இல்லை. நாடுகடத்தப்பட்டவர்கள் பாரசீக அரசன் கோரேசின் அனுமதியோடு திரும்பியபோது கொண்டுவந்த 5,400 பாத்திரங்களின் கணக்கு எஸ்றா புத்தகத்தில் இருக்கிறது. அதிலும் பெட்டி இல்லை.

கரண்டியை எண்ணி எழுதியவர்கள் கற்பலகை இருந்த பெட்டியை மறந்திருப்பார்களா? இந்த மௌனத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். பெட்டி முன்பே ஒளிக்கப்பட்டதால் எதிரியின் கையில் சிக்கவில்லை என்று நம்பிக்கையாளர்கள் படிக்கிறார்கள். பெட்டி அதற்கு முன்பே அழிந்துவிட்டதால் பட்டியலில் இடம்பெறவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் படிக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாசிப்பே வலுவாகத் தெரிகிறது. பொன்னை உருக்க ஆலைகள் இருந்த உலகம் அது. தகட்டை உரித்த பிறகு மிஞ்சுவது ஓர் ஓட்டைப் பெட்டியின் மரம். அந்த மரம் நெருப்பைத் தாங்காது. இதற்கு நேரடிச் சான்று கேட்டால் காட்ட முடியாது; ஆனால் அந்த நகரம் பட்ட பாட்டைப் படிப்படியாகப் பார்த்தால் இதைவிட எளிய விளக்கம் தோன்றவில்லை.

திரும்பி வந்தவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயத்தில் பெட்டி இல்லவே இல்லை. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெட்டி இருந்த இடத்தில் மூன்று விரற்கடை உயரமுள்ள ஒரு கல் மட்டும் இருந்தது என்றும், பிரதான ஆசாரியர் பாவநிவாரண நாளில் தூபகலசத்தை அதன்மேல் வைப்பார் என்றும் யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமைப் பிடித்து மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே நுழைந்தார். உள்ளே தெய்வ உருவமும் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கி.பி. 70-இல் அந்த ஆலயமும் அழிந்தது. ரோமில் இன்றும் நிற்கும் டைட்டஸ் வளைவில், ஏழு கிளை விளக்குத்தண்டையும் சமூகத்தப்ப மேசையையும் எக்காளங்களையும் வீரர்கள் தூக்கிச் செல்லும் சிற்பம் இருக்கிறது. பெட்டி அந்தச் சிற்பத்தில் இல்லை.

‘ஒளித்துவைத்தார்கள்’ என்ற கதைகள் இந்த இரண்டாம் ஆலயம் இருந்த காலத்தில்தான் எழுத்தில் வரத் தொடங்குகின்றன. இரண்டாம் மக்கபேயர் நூலின்படி, எரேமியா பெட்டியை மோசே ஏறிய நேபோ மலைக்குக் கொண்டுபோய், ஒரு குகையில் வைத்து வாசலை அடைத்துவிட்டார். பின்தொடர்ந்து போனவர்கள் வழியை அடையாளம் வைக்கப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடவுள் தம் மக்களை மறுபடி ஒன்றுசேர்க்கும் வரை அந்த இடம் மறைந்தே இருக்கும் என்கிறார் எரேமியா. (கத்தோலிக்கத் தமிழ் வேதாகமத்தில் இந்த நூல் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் கிடையாது. அதனால் தமிழ்க் கிறிஸ்தவர்களிலேயே பலர் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.) நேபோ மலைப் பக்கம் தேடிப்போனவர்களுக்கெல்லாம் வழிகாட்டி இந்த ஒரு பத்திதான். ஆனால் எரேமியாவின் காலத்துக்கும் இந்த நூலுக்கும் நடுவே நான்கு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

மிஷ்னாவில் வேறொரு கதை. ஆலயத்தின் விறகு அறைப் பக்கம் ஓர் ஆசாரியர் வேலையாக இருந்தபோது, தளக்கல் ஒன்று மற்றவற்றைவிட வேறுமாதிரி இருப்பதைக் கவனித்தார். அதைச் சக ஆசாரியரிடம் சொல்லி முடிப்பதற்குள் உயிர் பிரிந்தது. அங்கேதான் பெட்டி புதைந்திருக்கிறது என்று அப்போது உறுதியாக அறிந்துகொண்டார்களாம். யோசியாவே அதை ஒளித்துவைத்தார் என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூத் ஒரு கருத்தைச் சொல்கிறது. பாபிலோனுக்குப் போய்விட்டது என்ற எதிர்க்கருத்தையும் அதே பக்கத்தில் பதிவு செய்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ், ஆலயம் ஒரு நாள் அழியும் என்று அறிந்த சாலொமோன் அடியில் வளைந்து நெளிந்த ஆழமான சுரங்கவழி அமைத்துவைத்தார் என்று எழுதினார்.

ஊரை இழந்தவர்கள், ஆலயத்தை இழந்தவர்கள் சொன்ன கதைகள் இவை. எல்லாம் போய்விடவில்லை, மிகப் பரிசுத்தமானது பத்திரமாக இருக்கிறது, நேரம் வரும்போது வெளிப்படும் என்ற ஆறுதல் அவற்றில் இருக்கிறது. அந்த ஆறுதல் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். பிற்காலத்தில் வந்தவர்கள் இந்த ஆறுதல் கதைகளைப் புதையல் வரைபடமாக எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

அந்தச் சிக்கலின் மிக மோசமான உதாரணம் எருசலேமிலேயே நடந்தது. வால்டர் யுவேலியஸ் என்ற பின்லாந்துக்காரர், எசேக்கியேல் புத்தகத்துக்குள் மறைகுறியீடு ஒன்று இருப்பதாகவும், ஆலயப் பொக்கிஷம் எங்கே இருக்கிறது என்று அது காட்டுவதாகவும் நம்பினார். மாண்டேகு பார்க்கர் என்ற ஆங்கிலேய பிரபு குடும்பத்து ராணுவ அதிகாரி அவரை நம்பி, செல்வந்தர்களிடம் பெரும் பணம் திரட்டினார். கிடைப்பதில் பாதி உங்களுக்கு என்று ஒட்டோமான் அரசோடு ஒப்பந்தம் போட்டு, 1909-இல் கீகோன் ஊற்றுப் பக்கம் தோண்டத் தொடங்கினார்கள். குழுவில் ஒருவர்கூடத் தொல்லியல் படித்தவர் இல்லை. கண்டனம் கிளம்பியதால், எருசலேமில் இருந்த டொமினிக்கன் துறவி லூயி-யூக் வின்சென்ட் என்ற தொல்லியலறிஞரை உள்ளே வந்து குறிப்பெடுக்க அனுமதித்தார்கள். பரோன் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்ட் அவர்களைத் தடுக்கப் பக்கத்து நிலத்தையே விலைக்கு வாங்கினார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. பணம் போட்டவர்களின் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. 1911 ஏப்ரலில் பார்க்கர் எல்லை மீறினார். பழைய ஆலயம் நின்ற மலைமேல் இருக்கும், முஸ்லிம்களின் புனித வளாகமான ஹரம் அல்-ஷரீஃபின் காவலருக்கும் அதிகாரிகளுக்கும் லஞ்சம் கொடுத்து, இரவில் உள்ளே புகுந்து தோண்டினார்கள். கடைசியில் பாறைக் குவிமாடத்துக்கு அடியில் உள்ள குகைக்கே போய்விட்டார்கள். முஸ்லிம்களின் நபி மூஸா விழாவும் யூதர்களின் பஸ்காவும் கிழக்குத் திருச்சபைகளின் ஈஸ்டரும் ஒன்றாக வந்து, ஊர் யாத்திரிகர்களால் நிரம்பி வழிந்த வாரம் அது. சத்தம் கேட்டு வந்தவர் கூச்சல் போட, செய்தி ஊரெங்கும் தீயாகப் பரவியது. வெளிநாட்டவர் சாலொமோனின் மோதிரத்தையும் உடன்படிக்கைப் பெட்டியையும் திருடிவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, மக்கள் தெருவில் இறங்கினார்கள். பார்க்கர் குழு யாஃபாவுக்கு ஓடி, கரையில் காத்திருந்த தங்கள் உல்லாசப் படகில் ஏறித் தப்பியது. விஷயம் இஸ்தான்புல் நாடாளுமன்றம் வரை போனது.

இதில் மிஞ்சிய ஒரே நல்ல விஷயம் வின்சென்ட் எடுத்த குறிப்புகள். பழைய எருசலேமின் நீர்ச்சுரங்கங்களையும் கல்லறைகளில் கிடைத்த மட்பாண்டங்களையும் அவர் அளந்து, வரைந்து வெளியிட்டார். அந்த நகரத்தின் ஆரம்பகால வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அவை இன்றும் பயன்படுகின்றன. பெட்டியைத் தேடி வந்தவர்களின் கையில் எதுவும் இல்லை. எதையும் தேடாமல், கண்ணில் பட்டதைக் கவனித்தவரிடமிருந்து அறிவு கிடைத்தது.

அயர்லாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. ஆங்கிலேயரே இஸ்ரவேலின் தொலைந்துபோன கோத்திரத்தார் என்று நம்பிய ஒரு கூட்டம், பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி, 1899 முதல் 1902 வரை அயர்லாந்தின் பழைய அரசர்களின் டாரா குன்றைத் தோண்டியது. கவிஞர் யேட்ஸ் போன்றவர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள். பெட்டி இல்லை, ஆனால் அந்தப் பழம்பெரும் மேட்டுக்கு ஏற்பட்ட சேதம் நிரந்தரமானது.

1981-இல் எருசலேம் மேற்குச் சுவரின் பொறுப்பிலிருந்த ரபி யெகூதா கெட்ஸ், சுவரை ஒட்டிய சுரங்கத்தில் அடைபட்டிருந்த ஒரு பழைய வாசலைத் திறந்து, உள்ளே ஆலயமலையின் அடிப்பக்கமாகத் தோண்டவைத்தார். முஸ்லிம்களுக்குத் தெரியவந்ததும் கைகலப்பு ஆனது. கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1982-இல் ரான் வயட் என்ற அமெரிக்க மயக்கமருந்துச் செவிலியர், எருசலேமில் தோட்டக் கல்லறை இருக்கும் பாறைக்கு அடியில் பெட்டியைக் கண்ணால் கண்டதாக அறிவித்தார். தமிழ் யூடியூபில் இன்றும் இதைப் பற்றிய காணொளிகள் ஓடுகின்றன. அவர் புகைப்படமோ பொருளோ எதையும் பிறர் சோதிக்கும்படி காட்டவில்லை. தோட்டக் கல்லறையை நிர்வகிப்பவர்களும் அவருடைய கூற்றை மறுத்துவிட்டார்கள். விசுவாசமுள்ளவர்கள் இந்தக் காணொளிகளைப் பகிரும் முன் இதையாவது அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எத்தியோப்பியாவின் கதை இவற்றோடு சேர்த்து எண்ணத் தக்கதல்ல. அங்கே பெட்டியை யாரும் தேடவில்லை. தங்களிடம் இருக்கிறது என்று ஒரு தேசமே நம்புகிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸில் எழுதப்பட்ட ‘கெப்ர நகஸ்த்’ என்ற நூலின்படி, சாலொமோனுக்கும் சேபா நாட்டு அரசிக்கும் பிறந்தவர் மெனெலிக். அவர் வளர்ந்து தகப்பனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த ஆசாரியரின் மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கடவுளே அதற்குச் சம்மதித்தார். 1270-இல் ஆட்சிக்கு வந்த அரச வம்சம் தன்னைச் சாலொமோனின் வழி என்று சொல்லிக்கொண்டது. அந்த உரிமைக்கு இந்த நூல் அடித்தளமானது. 1974-இல் பதவியிழந்த பேரரசர் ஹைலே செலாசி வரை அந்த வம்சாவழியை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். பெட்டி எத்தியோப்பியரிடம் இருப்பதாக எழுதிய பழைய சாட்சியும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபியில் எழுதிய ஒரு கிறிஸ்தவருடையதுதான். சாலொமோனின் காலத்துக்கும் இதற்கும் நடுவே 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

அக்சூம் நகரத்தில் சீயோன் மரியாள் ஆலய வளாகத்தில் ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. அதனுள் பெட்டி இருக்கிறது என்று நம்புகிறார்கள். ஒரே ஒரு துறவி அதற்குக் காவல். அவர் சாகும்வரை அந்த வளாகத்தை விட்டு வெளியே வருவதில்லை. அவரைத் தவிர வேறு யாரும், திருச்சபைத் தலைவரும்கூட, உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. எத்தியோப்பிய மொழிகளின் பெரும் அறிஞரான எட்வர்ட் உல்லண்டார்ஃப், 1941-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக அங்கே இருந்தபோது உள்ளே போய்ப் பார்த்ததாகவும், அது இடைக்காலத்தில் செய்யப்பட்ட வெறும் பெட்டி என்றும் 1992-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அக்சூம் மக்கள் இதை ஏற்பதில்லை.

2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் வடக்கே டிக்ரே போர் மூண்டபோது அக்சூமும் அதில் சிக்கியது. அந்த மாதக் கடைசியில் அண்டை நாடான எரித்ரியாவின் படைகள் ஆயுதமில்லாத பொதுமக்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றதாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அறிக்கை வெளியிட்டது. வெளியுலகில் பல செய்திகள், பெட்டியைக் காக்கப் போய் மக்கள் செத்தார்கள் என்று தலைப்பு வைத்தன. கொல்லப்பட்டவர்கள் யார், ஏன் கொல்லப்பட்டார்கள் என்பதைவிடப் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்பது பெரிய கேள்வியாகிப்போனது. அந்த மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட இன்னோர் அநியாயமாகவே அதைப் பார்க்கிறேன்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், தாங்கள் யூத வழி வந்தவர்கள் என்று சொல்லும் லெம்பா மக்களிடம் ‘ங்கோமா லுங்குண்டு’ என்ற புனித மேளப்பேழை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பேராசிரியர் டியூடர் பார்ஃபிட் அதைத் தேடிப்போய் 2007-இல் ஹராரே அருங்காட்சியகத்தின் கிடங்கில் கண்டார். கார்பன் கணிப்பில் அதன் மரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. பழைய பெட்டி சிதைந்தபின் அதன் நினைவாகச் செய்த வாரிசு என்பது அவர் வாதம். அதை ஏற்காவிட்டாலும், ஒரு புனிதப்பேழையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த மக்களின் வரலாறு அதில் இருக்கிறது.

இன்று தொல்லியலாளர்கள் பெட்டியைத் தேடித் தோண்டுவதில்லை. அது தங்கியதாகச் சொல்லப்படும் ஊர்களைத் தோண்டுகிறார்கள். சீலோவில் 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் ஃபின்கெல்ஸ்டைன் என்ற தொல்லியலாளர் நடத்திய அகழாய்வில், கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் பெருந்தீயில் அழிந்த தடயம் கிடைத்தது. ஏலியின் காலத்தோடு பொருந்திவரும் காலம் அது. 2017 முதல் அவரும் தோமா ரோமர் என்ற வேதாகம அறிஞரும் சேர்ந்து, எருசலேமுக்கு மேற்கே அபு கோஷ் பக்கத்தில் உள்ள கீரியாத்யாரீம் குன்றைத் தோண்டினார்கள். குன்றின் உச்சியில் ஏறக்குறைய 150 மீட்டர் நீளமும் 110 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மாபெரும் மேடை, பெரிய கற்சுவர்களோடு வெளிப்பட்டது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், வட இஸ்ரவேல் அரசர்கள் எருசலேமின் மேல் கை ஓங்கியிருந்த காலத்தில் இது கட்டப்பட்டிருக்கலாம் என்றும், பெட்டி அங்கே இருந்த கதை அந்த வழிபாட்டு இடத்தின் பெருமைக்காகத் தொகுக்கப்பட்டிருக்கலாம் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். மற்ற அறிஞர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும், பெட்டி எருசலேமுக்கு வருமுன் அதை வணங்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு மண்ணிலிருந்து பேசும் ஆதாரம் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. ஆலயமலையில் முறையான அகழாய்வு நடக்க வாய்ப்பே இல்லாத அரசியல் நிலையில், வரும் ஆண்டுகளில் புதிதாக ஏதாவது தெரியவந்தால் இப்படிப்பட்ட சிற்றூர்க் குன்றுகளிலிருந்துதான் வரும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தேட வேண்டியது எதுவும் இல்லை. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் ஒவ்வோர் ஆலயத்திலும் ‘தாபோத்’ என்ற புனிதப் பலகை உண்டு. பெட்டியையும் அதன் கற்பலகைகளையும் குறிக்கும் அது இல்லாமல் அங்கே ஆலயம் ஆலயமாகாது. ஆசாரியர் தவிர யாரும் அதைப் பார்க்கக் கூடாது. ஜனவரி 19-இல், கிறிஸ்துவின் ஞானஸ்நானத்தைக் கொண்டாடும் திம்கத் விழா நாளில், பட்டுத்துணியால் மூடி, தலையில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். 1868-இல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்த பிரிட்டிஷ் படை, மற்ற செல்வங்களோடு இந்தத் தாபோத்களையும் அள்ளிக்கொண்டு போனது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 11 தாபோத்கள் பூட்டிய அறையில், மூடிவைக்கப்பட்டிருக்கின்றன. எத்தியோப்பியரின் நம்பிக்கையை மதித்து அங்குள்ள ஊழியர்களும் அவற்றைப் பார்ப்பதில்லை. ஆராயவும் முடியாது, காட்சிக்கு வைக்கவும் முடியாது. ஆனாலும் திருப்பித் தரச் சட்டம் இடம் தரவில்லை என்கிறார்கள். எடின்பரோவில் ஒரு தேவாலய அலமாரியில் கிடைத்த தாபோத் 2002-இல் எத்தியோப்பியாவுக்குத் திரும்பியது. அதை வரவேற்க அடிஸ் அபாபாவில் பெருங்கூட்டம் திரண்டது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் தன்னிடம் உள்ளதைத் திருப்பித் தர 2024-இல் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்தப் 11-உம் எந்தக் காரணமும் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டியவை.